சக்கரத்துக் கட்டை

சியூ லான் அக்கா தன் வீட்டுக்காரருடைய ரோவர் ஜீப்பை விற்கப் போகிறாள் என்ற சேதி கோப்பிக் கடைக்கு வந்தபோது முதலில் சிரித்தவன் பரசுதான்.

"அது என்னா வண்டியா? கோழி முட்டை போடுற எடம் லா அது" என்றான். சொல்லிவிட்டு ஒரு மடக்கு குடித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் அவனுடைய வலது கால், வண்டியில் எண்ணெய் மிதியை அழுத்துகிறவன் கால்போல, விட்டுவிட்டு அமுங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

பரசு எனக்குப் பக்கத்து வீடு. நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அவன் பொமென். வண்டி பழுது பார்க்கிறவனுக்கு எங்கள் மலையில் அதுதான் பேர். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் கோஸும் தக்காளியும் கோழி எருவும் சுமக்கிற ரோவர்களில் அவன் கை நுழையாத வண்டி கிடையாது. லாரி ஏறாத சரிவிலெல்லாம் அவைதான் ஏறும். ஊரார் வண்டியை எல்லாம் எழுப்பி ஓடவிட்டவன், தனக்கென்று வைத்திருந்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். கேட்டால், நூடுல்ஸ் கடைக்காரனைக் காட்டி, "கடையில மீ பெரட்டுறவன் வீட்டுக்கு வந்தும் மீயா பெரட்டுவான்?" என்பான்.

இப்போது அந்தப் பேச்சுக்கும் இடமில்லாமல் போயிருந்தது. அவனும் அவன் பெண்டாட்டி தவமணியும் மலையை விட்டே இறங்கப் போகிறார்கள். மகன் திவாகர் கிள்ளானில் அடுக்கு மாடியில் வீடு வாங்கிவிட்டான், பதினாலாவது மாடி. அப்பாவும் அம்மாவும் குளிரில் கிடந்தது போதும், தீபாவளி முடிந்ததும் லாரி அனுப்புகிறேன், சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை, குறை சொல்ல முடியாது. பரசு சரி என்றான். தவமணி பத்து நாள் போய் இருந்து பார்த்துவிட்டு வந்து, அவளும் சரி என்றாள். இங்கே உள்ள வீட்டை வாடகைக்கு விடப் பேசியாயிற்று, ரிங்லெட்டில் ஒரு பட்டறைக்காரன் பரசுவின் பழுதுபார்க்கும் சாமான் பெட்டியை விலைக்குக் கேட்டிருந்தான். எனக்குத்தான் இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. முப்பது வருஷமாக வேலியைத் தாண்டி உப்பும் புளியும் கொடுத்து வாங்கிய வீடு. ஆனால் அடுத்த வீட்டுக்காரனின் இஷ்டத்தை யார் கேட்கிறார்கள்.

தீபாவளி முடிந்து மழையும் பிடித்துக்கொண்டது. அந்த வாரம்தான் சியூ லான் அக்கா பரசுவுக்கு ஆள் அனுப்பினாள். வண்டிக்கு ஈப்போவிலிருந்து ஒருவன் வருகிறான், ஞாயிற்றுக்கிழமை நீ வந்து அதற்கு மூச்சுக் கொடுக்க வேண்டும் என்று.

எங்கள் மலையில் ரோவர் கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. வயதான ரோவரின் கைப்பிரேக்கை நம்பி எவனும் சரிவில் நிறுத்த மாட்டான். பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டை கொடுப்பான். ஒரு வண்டிக்கு ஒரு கட்டை, கடைசிவரை அதுவேதான். வண்டியை விற்கும்போது அதைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, விடுபட்ட கட்டையை வாங்குகிறவன் கையில் எடுக்க வேண்டும். எடுத்தால் வியாபாரம் முடிந்தது. ஓட்டுகிறவன் யார் என்பது கணக்கில்லை, கட்டை யார் கையில் என்பதுதான் கணக்கு. அதற்குப் பிறகு எவனாவது கூட்டிக் கொடுக்கிறேன் என்று வந்தால் அவனுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டி தன் சொந்த மூச்சில்தான் நகர வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கியோ சுத்தியலால் தட்டியோ கட்டையை எடுப்பது பழைய இரும்புக்காரன் வேலை. செத்த மாட்டுக்குத்தான் அந்த மரியாதை. சியூ லான் அக்காவின் வீட்டுக்காரர் ஆ ஹோங் போய்ச் சேர்ந்த பிறகு இரும்புக்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். யாரையும் அவள் கொட்டகைக்குள் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பரசு குளித்து, தலை வாரி, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தான். பெண் பார்க்கப் போகிறவன் தோற்றான். தவமணி கூடத்தில் உட்கார்ந்து சட்டி பானைகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். தேயிலை ஆலையில் இலை வாட்டும் மாடியில் வேலை பார்த்து ஓய்ந்தவள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"கிரீசுல பொரளப் போறவருக்கு வெள்ளச் சட்ட எதுக்கு?" என்றாள்.

"இன்னொருத்தன் வாங்குற வண்டி, தவம். சும்மா நின்னு சொல்லிட்டு வரப்போறேன், அவ்ளோதான். வா மச்சான்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு நடந்தான். சும்மா நின்று சொல்லப் போகிறவன் சாமான் பெட்டியை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனான்.

கொட்டகை, கோஸ் பாத்திகளுக்கு மேலே சரிவில் இருந்தது. சியூ லான் அக்கா முழங்கால் வரை ரப்பர் சப்பாத்தோடு நின்று கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தாள். எஸ்டேட் பிள்ளைகளோடு வளர்ந்தவள், தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, மரியாதை விகுதி மட்டும் வராது. ஈப்போக்காரன் ஏற்கெனவே வந்திருந்தான். நஸ்ருல் என்று பேர். டயர் கடை வைத்திருக்கிற மலாய்க்காரன், முகத்தில் எப்போதும் சிரிப்பு. பளபளவென்று நாலு ரோவர் வைத்திருக்கிறானாம், இது ஐந்தாவது. ஏற்றிப் போக லாரியோடு வந்திருந்தான், புது பேட்டரியும் கொண்டு வந்திருந்தான். கட்டை முறையை அக்கா அவனுக்குச் சொல்லியிருந்தாள். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், கைப்பேசியில் கட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

வண்டி மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நின்றது. பச்சை வண்ணம் கோழி எச்சத்துக்கு அடியில் அங்கங்கே தெரிந்தது. நாலு டயரும் படுத்துவிட்டன. பின்சக்கரமும் சிமெண்டுத் தரையும் சேர்ந்து அந்தக் கட்டையைக் கடித்துப் பிடித்திருந்தன.

பரசு ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு வெள்ளைச் சட்டையோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சின்னச் சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனான். டிங், டிங், டிங் என்றது. ரோவரின் மேலுடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது. அடிச்சட்டம் இரும்பு, உயிர் அதில்தான். பின்பக்கம் வந்ததும் டொப் என்றது.

"செத்துச்சு. பின் சட்டம் போச்சு மச்சான். முழுசா வெட்டி எறியணும்" என்றான் அடியிலிருந்து. பிறகு பிரேக் குழாய் இற்றுப்போனதைச் சொன்னான், தரைத் தகட்டில் கை நுழைகிற ஓட்டையைச் சொன்னான், இருக்கையில் எலி குடும்பம் நடத்தியதைச் சொன்னான். ஒவ்வொன்றையும் ஊருக்கே கேட்கும்படி சொன்னான். வேண்டாத பெண்டாட்டி கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்பார்கள். இவன் கதை நேர்மாறு. பிடித்துப்போய்விட்டது என்று தெரிந்துதான் குற்றம் தேடிக்கொண்டிருந்தான்.

நடுவில் சத்தம் நின்றது. நான் குனிந்து பார்த்தேன். அவன் மல்லாக்கப் படுத்து ஓர் இடத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஆ ஹோங் கெட்டிக்காரன் லா. வருசா வருசம் பழைய எண்ணெயப் பூசியிருக்கான். நடுச்சட்டம் புதுசு மாதிரி இருக்கு பாரு. இஞ்சினும் மாத்தல, அதே பெட்ரோல் இஞ்சின். இந்த மலையில இப்படி ஒண்ணு கெடையாது மச்சான், இதான் கடைசி." குரல் தாழ்ந்துவிட்டது. ஈப்போக்காரனுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று தாழ்ந்த குரல் அது.

வேலை தொடங்கியது. டயர்களுக்குக் காற்றடித்தோம், புது பேட்டரியை மாட்டினோம். பிரேக் இறுகிப்போன சக்கரங்களைச் சுற்றிலும் தட்டித் தட்டி இளக்கினோம். பரசு நாலு பிளக்கையும் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டான். பெட்ரோல் தொட்டியில் இருந்தது பெட்ரோலே இல்லை, சாக்கடை. அதனால் ஒரு பாட்டிலில் புது பெட்ரோல் ஊற்றி, தூக்கி நிறுத்திய இஞ்சின் மூடியில் கட்டித் தொங்கவிட்டு, குழாய் போட்டு இறக்கினோம். நஸ்ருல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத்தாள் எடுத்து, தீப்பொறி விழும் முனைகளைத் தேய்த்துக் கொடுத்தான். வேலை தெரிந்தவன்தான். இரண்டு பேரும் ஒருவர் கேட்கும் முன் மற்றவர் ஸ்பானரை நீட்டினார்கள். போட்டிக்காரன்மேல் கோபம் வரட்டும் என்று நானும் முயன்று பார்த்தேன், வரவில்லை.

பதினொரு மணிக்கு மேல் மஞ்சு இறங்கியது. பின்னாலேயே மழை வந்து தகரத்தில் கொட்டியது. பேசினால் கேட்காது. சியூ லான் அக்கா சோளம் அவித்து, ஆவி பறக்கத் தட்டில் கொண்டு வந்து வைத்தாள். சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை, ஒவ்வொருவர் வாய்ப்பக்கமும் ஒன்றை நீட்டினாள்.

மழை தூறலானபோது தவமணி குடையும் அடுக்குச் சட்டியுமாகப் பாத்தி வரப்பில் ஏறி வந்தாள். கொட்டகை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே பரசு இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நஸ்ருலிடம் மலாயில் ஏதோ நக்கல் பண்ணி, தானே சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டையாகியிருந்தது. அவன் அப்படிச் சிரித்து மாதக்கணக்காகிவிட்டது. அவள் அவனையே பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"இத முழுசா சரி பண்ண எத்தன நாளு ஆகும்ணே?" என்று என்னிடம் கேட்டாள்.

பதில் இஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. "நாளா? பின் சட்டம் வெட்டி வேற வைக்கணும். கியர் பெட்டி எறக்கணும். தகடு, கம்பி, வண்ணம். மழயெல்லாம் கழிச்சுப் பாத்தா ரெண்டு வருசம். சாமானு கெடைக்கலைனா மூணு." இதைச் சலித்துக்கொண்டு சொல்ல வேண்டியவன் பாயசத்துக்கு முந்திரி சொல்கிறவன்போலச் சொன்னான்.

"ஓ" என்றாள் தவமணி.

சட்டியைப் பிரித்து வைத்தாள். சோறு, நெத்திலிச் சம்பல், கோஸ் கூட்டு. நஸ்ருலுக்கும் போட்டாள். வண்டியைக் கொண்டுபோய் என்ன செய்வாய் என்று மலாயில் அவனிடம் கேட்டாள். பழையபடியே ஆக்கி, கொட்டகையில் விளக்குப் போட்டு நிறுத்துவேன் என்றான். சுமை ஏற்றுவாயா என்றாள். ஐயோ, கீறல் விழுந்துவிடுமே என்றான். விடுமுறை நாளில் கண்காட்சிக்கு மட்டும் எடுப்பானாம். தவமணி தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள். அவன் மனசில் கபடம் ஒன்றுமில்லை, அதையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் பரசு முன்பக்கத்தில் இஞ்சினைச் சுழற்றுகிற கம்பியைச் செருகினான். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொண்டான், சுற்றிப் பிடித்தால் கம்பி திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு போய்விடும். முதல் சுற்றுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்கு உள்ளே யாரோ ஏப்பம் விட்டதுபோல் ஒரு சத்தம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பரசு உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் குனிந்தான்.

இந்த முறை பிடித்துக்கொண்டது. முதலில் இருமல், பிறகு வெடி, பிறகு கொட்டகை முழுக்கப் புகை. கோழிகள் பறந்து பாத்தியில் விழுந்தன. புகை விலகியபோது வண்டி குலுங்கிக் குலுங்கி ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சியூ லான் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நஸ்ருல் பரசுவைக் கட்டிப் பிடித்தான். நான் வயசு மறந்து தகரத்தைத் தட்டினேன். சந்தோஷம் என்றால் அப்படிச் சந்தோஷம், சொந்தக்காரன் யார் என்ற நினைப்பே எவனுக்கும் இல்லை.

நினைப்பு வந்தது பிறகுதான். பரசு ஏறி உட்கார்ந்து கிளச்சை மிதித்துப் பார்த்தான். சும்மா கிடந்து கிளச்சுத் தட்டு ஒட்டிப்போயிருந்தது. இஞ்சின் ஓடும்போது கியர் விழவில்லை. நிறுத்தினான்.

"அதுக்கும் வழி இருக்கு. நிறுத்தி வச்சு ஒண்ணாவது கியரப் போட்டு, அப்படியே ஸ்டார்ட் பண்ணா, புடிக்கிறப்பவே தாவும். ஒரு முழம் போனா போதும், கட்டை விட்டுரும்" என்றான். பிறகு நஸ்ருலைப் பார்க்காமல், மலாயில், நீ சக்கரத்துக்குப் பக்கத்தில் நில், விட்டதும் எடுத்துக்கொள் என்று சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் காலையிலிருந்து இருந்த வெளிச்சம் இல்லை.

நஸ்ருல் பின்சக்கரத்தருகே குந்தினான். எதிர்ப்பக்கம் தவமணி சட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். பரசு ஸ்டார்ட் பித்தானை அழுத்தினான். வண்டி முனகி, அசைந்து, சட்டென்று பிடித்து, மேட்டுப் பக்கம் ஒரு தாவுத் தாவியது. அந்தத் தாவலில் மேலே கட்டியிருந்த பெட்ரோல் பாட்டில் கயிற்றை அறுத்துக்கொண்டு சரிந்தது. சூடான இஞ்சின்மேல் பெட்ரோல் கொட்டினால் கொட்டகையே மிஞ்சாது. நஸ்ருல் பாய்ந்து போய் அந்தரத்தில் பிடித்தான். அந்தப் பிடிக்கு அவனுக்கு மாலை போடலாம்.

கட்டை விடுபட்டுச் சரிவில் உருண்டது. தவமணி காலால் அதை நிறுத்தினாள். குனிந்து கையில் எடுத்தாள்.

"பின்னால வரும், கட்டையப் போடு" என்று பரசு உள்ளிருந்து கத்தினான். அவள் இரண்டு எட்டு வைத்து, சக்கரத்துக்குப் பின்னால் கட்டையைச் செருகி, குதிகாலால் ஓர் உதை விட்டாள். இஞ்சின் அணைந்தது. 

சியூ லான் அக்காதான் முதலில் பேசினாள். "கட்டை எடுத்தது யாரு?"

பரசு அவசரமாக இறங்கினான். "அது கணக்கில்ல அக்கா. வண்டி பின்னால வந்துரும்னு பயந்து எடுத்துட்டா. மறுபடி ஒரு வாட்டி நகத்துறேன், இவரு எடுக்கட்டும்."

"நான் பயப்படல" என்றாள் தவமணி.

"தவம், சும்மா இரு. வெளையாட்டு இல்ல இது."

"போட்டது வண்டி உருண்டுரும்னு. எடுத்தது அதுக்கில்ல. நானும் இந்த மலையிலதான் பொறந்தேன், கட்டை எடுத்தா என்னான்னு எனக்குத் தெரியாதா?" அவள் நிறுத்தவில்லை. "பத்து நாளு கிள்ளான்ல இருந்துட்டு வந்தேன். எல்லாரும் எப்படின்னு கேட்டீங்க, நல்லா இருக்குன்னேன். நல்லாத்தான் இருக்கு. ஜன்னலத் தொறந்தா எதுத்த ஜன்னலு. பிள்ள காலையில போனா ராத்திரி வரான். நீங்க போகணும்னு நெனைக்கிறீங்கன்னு நானும் சட்டிய சுத்திக்கிட்டு இருந்தேன்."

"நான் போகணும்னா? பிள்ளகிட்ட போயி இருக்கணும்னு நீ ஆசப்படுறேன்னுல்ல நான்..." என்றான் பரசு.

"என்னைய நீங்க கேட்டீங்களா?"

"நீ சொன்னியா?"

"இப்ப சொல்லிட்டேன். ஆலையில குடுத்த காசு எம்பேருலதான் கெடக்கு. அக்கா கேட்ட வெலைய நான் குடுக்குறேன்."

பரசு வண்டியின் மூக்கில் கை வைத்துக்கொண்டு நின்றான். பொமென் முழித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். அப்புறம் மெதுவாக, "பின் சட்டம் போயிருச்சு தவம்" என்றான்.

"கேட்டேன். வெட்டி வேற வைக்கணும். ரெண்டு வருசம், இல்லனா மூணு. சொன்னீங்களே."

சியூ லான் அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கட்டை எடுத்தா முடிஞ்சிச்சி. என் வீட்டுக்காரன் இருந்தாலும் இதுதான் சொல்லுவான்" என்றாள். பிறகு நஸ்ருலுக்கு மலாயில் விளக்கினாள். அவன் இன்னும் பெட்ரோல் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வாடியது உண்மை, பொய் சொல்ல மாட்டேன். தூரத்திலிருந்து வந்தவன், வேர்த்து உழைத்தவன். வண்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தான். பின் சட்டத்துக்கு ஈப்போவில் ஒரு பழைய வண்டி வெட்டிக் கிடக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றான் பரசுவிடம். ஒரு நிபந்தனை போட்டான். வண்டி முடிந்ததும் முதல் சவாரி அவனுக்கு, சுமையோடு.

அக்கா அவனுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தாள்.

அவன் கொண்டு வந்த லாரியே வண்டியைச் சுமந்துகொண்டு சாயங்காலம் எங்கள் தெருவுக்கு வந்தது. சந்து சனமெல்லாம் கூடிவிட்டது. கோழியையும் சேர்த்து வாங்கினாயா, முட்டை தனி விலையா என்று பரசுவைக் கேட்டவர்களுக்குக் கணக்கில்லை. அவன் எதற்கும் கோபப்படவில்லை. எங்கே வெல்டிங் வைப்பது, எங்கே தகரம் இறக்குவது என்று என் வேலிப் பக்கம்வரை அளந்துகொண்டே போனான். வேலியைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளட்டுமா மச்சான் என்றான். பிடுங்கியே எறி என்றேன்.

வாசல் சரிவில் வண்டி இறங்கி நின்றதும் தவமணி கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து உதைத்து இறுக்கினாள். அவள் முந்தானையைச் செருகும்போது கைப்பேசி அடித்தது. திவாகர்தான். லாரியை எந்தத் தேதியில் அனுப்பட்டும் என்று கேட்டிருக்கிறான்.

"லாரி வேணாய்யா" என்றாள். "உங்கப்பாவுக்கு வேல வந்துருச்சு... இல்ல, தூரமில்ல, வாசல்லயேதான். முடியிறதுக்கு ரெண்டு மூணு வருசமாகும். முடிஞ்சதும் அந்த வண்டியிலேயே எறங்கி உன் வீட்டுக்கு வர்றோம். ஒரு வாரம் இருந்துட்டு, அதிலேயே ஏறி வந்துர்றோம்."

எதிர்முனையில் அவன் என்ன சொன்னானோ தெரியாது.  பிறகு வண்டியின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பரசுவின் இரண்டு கால்களையும் பார்த்துவிட்டு, "அப்பாவா? இப்ப பேச முடியாதுய்யா. நல்லா இருக்காரு" என்றாள்.